பழைய எஃப்-100க்கு கார்ப்: இருக்குறதையே பிரிச்சு சரி பண்றதா, நாலு பேரல் போடறதா, இன்ஜெக்‌ஷனுக்கு மாறுறதா?

நம்ம வண்டி 1971 மாடல் ஃபோர்டு எஃப்-100 பிக்கப், 360 வி8 இன்ஜின், மேல ரெண்டு பேரல் (காத்து போற ரெண்டு ஓட்டை) ஆட்டோலைட் 2100 கார்ப், அதாவது பெட்ரோலையும் காத்தையும் கலந்து விடுற கார்புரேட்டர். சூடானதும் ஐட்லிங் நிக்காது, மேட்டுல ஆக்ஸிலேட்டர அமுக்குனா ஒரு நொடி மூச்சடைச்சு அப்புறம்தான் இழுக்கும், ஓடிட்டு வந்து நிறுத்தி கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா செல்ஃப் அடிச்சிக்கிட்டே இருக்கணும். யார்கிட்ட கேட்டாலும் மூணு பதில்தான் வரும், ஒண்ணு இதே கார்ப்ப கிட் (கேஸ்கெட் மாதிரி மாத்துற சின்ன பாகங்க) வாங்கி ரீபில்ட் பண்ணு, ரெண்டு தூக்கி போட்டுட்டு புது நாலு பேரல் மாட்டு, மூணு, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல பீச்சுற த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடு. நான் முதல் வழியில போனேன், இப்பவும் அதுதான் சரினு நினைக்கிறேன், அதனால இந்த அலசல் அந்தப் பக்கம் சாஞ்சுதான் இருக்கும்.

எதுக்கு போறதா இருந்தாலும் முதல்ல கார்ப்புக்கு பெட்ரோல் ஒழுங்கா வருதானு பாத்துடணும். கார்ப்புக்கு வர்ற லைன கழட்டி ஒரு ஓஸ் மாட்டி பாட்டில்ல விட்டு, காயில் வயர கழட்டிட்டு செல்ஃப் அடிங்க (இன்ஜின் ஆறி இருக்கணும், பக்கத்துல நெருப்பு கூடாது). நல்ல மெக்கானிக்கல் பம்ப்னா அரை நிமிஷத்துல ஏறக்குறைய அரை லிட்டர் தள்ளணும், கேஜ் வச்சா 4லேருந்து 6 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) காட்டணும். அந்த பாட்டில அப்படியே கொஞ்ச நேரம் அசைக்காம வைங்க. எங்களுதுல அடியில காபித்தூள் மாதிரி துரு படிஞ்சது, நடுவுல ஒரு சின்ன தண்ணி முத்து உருண்டுச்சு. 1972 வரைக்கும் வந்த எஃப்-100ல டேங்க் கேபினுக்குள்ள சீட்டுக்கு பின்னாடி நிக்கும், அந்த டேங்க கழுவாம, வழியில இருக்குற பழைய ரப்பர் ஓஸ மாத்தாம எந்த கார்ப் போட்டாலும் திரும்ப அதே கதைதான். இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர உள்ளுக்குள்ளயே உரிச்சு விட்டுடும், வெளிய பாத்தா ஓஸ் நல்லாத்தான் தெரியும்.

பம்ப்ப பத்தியும் சொல்லிடறேன். ஆயில் டிப்ஸ்டிக்க எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாசனை அடிச்சா பம்ப் டயாப்ரம் (உள்ள இருக்குற ரப்பர் தகடு) கிழிஞ்சு பெட்ரோல் சம்ப்புல (இன்ஜின் அடியில ஆயில் நிக்கிற இடம்) இறங்குதுனு அர்த்தம், அத வச்சிக்கிட்டு வண்டிய ஓட்டவே கூடாது, பேரிங் போயிடும். எலக்ட்ரிக் பம்ப் போடலாமானு கேப்பாங்க, போடலாம், ஆனா அது இழுக்குறத விட தள்ளுறதுல கெட்டி, அதனால டேங்க் பக்கத்துல தாழ்வா மாட்டணும், இன்ஜின் நின்னா பம்ப்பும் நிக்கிற மாதிரி ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியா வயரிங் பண்ணணும், இல்லனா ஆக்ஸிடென்ட் ஆனாலும் பெட்ரோல் ஊத்திக்கிட்டே இருக்கும். டேங்க் உயரத்துல இருக்குற இந்த வண்டிக்கு மெக்கானிக்கலே போதும்.

இப்ப கார்ப்புக்கு வருவோம். 2100 ரொம்ப எளிமையான கார்ப், மூடிய தூக்குனா ஃப்ளோட் (பெட்ரோல் மட்டத்த காக்குற மிதவை), அது மூடித் திறக்குற நீடில் வால்வு, ரெண்டு மெயின் ஜெட் (பெட்ரோல் அளந்து போற சின்ன ஓட்டை) எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கும். மேட்டுல மூச்சடைக்குறது அனேகமா முன்பக்கம் இருக்குற ஆக்ஸிலேட்டர் பம்ப் டயாப்ரம்தான், இன்ஜின ஆஃப் பண்ணிட்டு மேலேருந்து பாத்து த்ராட்டில கையால அசைச்சா அசைச்ச அந்த கணமே ரெண்டு பேரல்லயும் பீச்சணும், லேட்டா வந்தா அங்கதான் கோளாறு. கறுப்புப் புகை, ஐட்லிங்ல ரிச்சா ஓடுறதுனா பவுலுக்கு (கார்ப்ல பெட்ரோல் நிக்கிற கிண்ணம்) அடியில இருக்குற, லோடுல கூடுதல் பெட்ரோல் விடுற பவர் வால்வு. ஃப்ளோட்ட காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள பெட்ரோல் குலுங்குற சத்தம் கேட்டா ஓட்டை விழுந்திருக்கு, மாத்திடுங்க. நடு பூஸ்டர தூக்கும்போது கீழ ஒரு சின்ன பாலும் வெயிட்டும் இருக்கும், கவுத்தா உருண்டு போயிடும், அத மட்டும் பத்திரம். இதுல பெரும்பாலானது கிட்ல வர்றது, ஸ்க்ரூட்ரைவரும் கார்ப் கிளீனரும் பொறுமையும் இருந்தா முடிஞ்சது.

ஆனா கிட்ல வராதது ஒண்ணு இருக்கு, ரீபில்ட் பண்ணியும் சரியாகலனு சொல்றவங்க பெரும்பாலும் அங்கதான் மாட்டிக்கிறாங்க: த்ராட்டில் ஷாஃப்ட் தேய்மானம். ஷாஃப்ட்ட ரெண்டு விரல்ல புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா அந்த இடுக்கு வழியா காத்து உள்ள போகும், மிக்சர் ஸ்க்ரூவ எப்படி திருகினாலும் ஐட்லிங் ஒரு இடத்துல நிக்காது. இன்ஜின் ஓடும்போது ஷாஃப்ட் முனையில லேசா கார்ப் கிளீனர் அடிச்சா சத்தம் மாறும், அதுவே சாட்சி. லேத்துல குடுத்து ஓட்டையை பெருசாக்கி வெண்கல புஷ் அடிச்சிடணும். எங்க ஐட்லிங் பிரச்சினை அதுலதான் தீர்ந்துச்சு.

நாலு பேரல் கதைக்கு வந்தா, எடல்பிராக் 1406 மாதிரி 600 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்துங்கற அளவு) கார்ப் நல்ல கார்ப்தான், இல்லனு சொல்லல, பெட்ரோல் அளவ கட்டுப்படுத்துற மீட்டரிங் ராடெல்லாம் கார்ப்ப கழட்டாமயே மேலேருந்து மாத்தலாம், எலக்ட்ரிக் சோக் வருது. பிரஷர் மட்டும் ஆறரை பிஎஸ்ஐய தாண்டக் கூடாது, தாண்டினா நீடில் தாங்காம ஓவர்ஃப்ளோ ஆகும். சிக்கல் கார்ப்ல இல்ல, 360 இன்ஜின்ல இருக்கு. இது ஃபோர்டோட எஃப்இ இன்ஜின் குடும்பம், இதுல வால்வ தள்ளுற புஷ்ராடெல்லாம், கார்ப்லேருந்து சிலிண்டருக்கு கலவை போற இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள பூந்துதான் மேல போகும், வால்வு கவரும் பாதி மேனிஃபோல்டு மேலதான் உக்காரும். ரெண்டு பேரல் மேனிஃபோல்ட எடுத்து நாலு பேரலுது போடணும்னா வால்வு கவர், ராக்கர் ஷாஃப்ட், புஷ்ராட், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் வெளிய வரணும், பழைய இரும்பு மேனிஃபோல்ட ஒருத்தரா தூக்கவும் முடியாது. அடாப்டர் வச்சு சமாளிக்கலாம்பாங்க, உயரம் கூடுமே தவிர கீழ அதே ரெண்டு ஓட்டைதான். லோடு இழுக்குற வண்டிக்கு கீழ் ஆர்பிஎம்ல இழுவைதான் முக்கியம், அத சின்ன 2100 நல்லாவே குடுக்குது. மலிவா கிடைக்குற பேர் தெரியாத 2100 காப்பிகளையும் சிலர் வாங்குறாங்க, அதுக்கு பதிலா பழைய ஒரிஜினல் பாடி ஒண்ணு தேடி புஷ் அடிக்கறது மேல், வாங்கும்போது பவுல் பக்கவாட்டுல வட்டத்துக்குள்ள இருக்குற 1.08, 1.14 மாதிரி வென்ச்சுரி (பேரலோட குறுகின இடம்) நம்பர உங்களுதோட ஒத்துப் பாத்துக்கோங்க.

இன்ஜெக்‌ஷன நான் என் வண்டியில வச்சு பாத்ததில்ல, தெரிஞ்சவர் வண்டிய ஓட்டிருக்கேன் அவ்வளவுதான், அதனால வருஷக்கணக்குல எப்படி உழைக்கும்னு என்னால சொல்ல முடியாது. குளிர்ல சாவி போட்டதும் புடிச்சிக்கிச்சு, மலை மேல போனாலும் தானே மிக்சர மாத்திக்குது, அந்த சுகத்த மறுக்க முடியாது. ஆனா அதுக்கு வேண்டியது சுமார் 58 பிஎஸ்ஐ பிரஷர், ஹை பிரஷர் பம்ப், அதுக்கு தாங்குற ஓஸ், அனேகமா டேங்குக்கு ஒரு ரிட்டர்ன் லைன், சைலன்சர் பைப்ல ஆக்சிஜன் சென்சருக்கு வெல்டிங், தடுமாறாத வோல்டேஜ். முதுகுக்கு பின்னாடி கேபினுக்குள்ள டேங்க் இருக்குற வண்டியில அந்த பிரஷர்ல ஒரு ஓஸ் கசிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சா எனக்கு மனசு ஒப்பல, டேங்க ஃப்ரேமுக்கு கீழ மாத்திட்டு பண்றவங்க தாராளமா பண்ணலாம்.

எல்லாத்தையும் விட எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது பராமரிப்புதான். இந்த மாதிரி வண்டி ஓடுறத விட நிக்கிறதுதான் ஜாஸ்தி. மாசக்கணக்கா நின்னா கார்ப் பவுல்ல இருக்குற பெட்ரோல் ஆவியாகி அடியில பிசின் மாதிரி ஒட்டிக்கும், உண்மைதான், மூடின சிஸ்டமா இருக்குற இன்ஜெக்‌ஷன்ல அந்த தொல்லை குறைவு. ஆனா அடைச்சா எங்க அடைச்சிருக்குனு எனக்கு தெரியும், வண்டி நிக்கிற இடத்துலயே மூடிய கழட்டி ஜெட்ட ஊதி மாட்டிடலாம், கேஸ்கெட் கிட் ஒண்ணு டேஷ்போர்டுல கிடக்கு. கம்ப்யூட்டரோ சென்சாரோ போச்சுனா நடு ரோட்டுல ஒண்ணும் பண்ண முடியாது, அந்த கம்பெனி அந்த மாடல நிறுத்திட்டா மொத்தமா கழட்டி வேற போடணும். 2100 ஐம்பது வருஷம் தாண்டியும் கிட் கிடைக்குது. நிறுத்தி வைக்குறதா இருந்தா ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாம வைக்கிற திரவம்) ஊத்தி, கார்ப் வரைக்கும் அது போற மாதிரி கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்துறேன், அடைப்பு ரொம்ப குறைஞ்சிருக்கு.

சூட்டுல ஸ்டார்ட் ஆகாத பிரச்சினை மட்டும் முழுசா போகல. கார்ப்புக்கு கீழ தடிமனான ஃபீனாலிக் (சூட்ட சுலபமா கடத்தாத பிளாஸ்டிக்) ஸ்பேசர் வச்சு, பெட்ரோல் லைன எக்ஸாஸ்ட்ட விட்டு தள்ளி கொண்டு போனதுல பாதிக்கு மேல குறைஞ்சது, கடும் வெயில்ல இன்னும் ஆக்ஸிலேட்டர முழுசா அமுக்கி வச்சிதான் செல்ஃப் அடிக்கிறேன். இதுல இன்ஜெக்‌ஷன்தான் ஜெயிக்குது.

உங்களுது 300 ஸ்ட்ரெயிட் சிக்ஸ்னா மேனிஃபோல்ட் பக்கவாட்டுல தனியா இருக்கும், புஷ்ராட் தொல்லை கிடையாது, அதுல வர்ற கார்ட்டர் ஒய்எஃப் ஒரு பேரல எடுத்துட்டு பெருசு போடறது இந்த அளவுக்கு வேலை இல்ல. ஆனா அதுல இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், கார்ப் சூட்டுக்கு மேலயே உக்காந்திருக்கும், அதனால எத மாட்டினாலும் அடியில ஸ்பேசரும் ஒரு ஹீட் ஷீல்டும் சேத்தே மாட்டுங்க.