வீட்டில் சுகர் பார்க்கும் கருவி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

க்ளூக்கோமீட்டர் பற்றி எழுதுபவர்கள் துல்லியம், ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்பின் விலை, பேட்டரி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது மனதை என்ன செய்யும் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாக இருந்தது.

நாற்பத்திரண்டு வயதில், அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் எனக்குச் சுகர் இருப்பது தெரிந்தது. மூன்று மாத சராசரியைச் சொல்லும் HbA1c பரிசோதனையில் 8.6 சதவீதம். அது 6.5-ஐத் தொட்டாலே நீரிழிவுதான். அப்பாவுக்குக் காலில் புண் ஆறாமல் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கண்ணில் நின்றது அந்தக் கால்தான். அன்று மாலையே மருந்துக்கடையில் கருவியை வாங்கிவிட்டேன். அது கையில் இருந்தால் பயம் குறையும் என்று நினைத்தேன்.

முதல் வருடம் பயம் கூடத்தான் செய்தது. காலையில் எழுந்ததும் விரலில் குத்திப் பார்ப்பேன். 112 காட்டினால் அன்றைக்கு எல்லோரிடமும் சிரித்துப் பேசுவேன். 148 காட்டினால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட முகம் கொடுக்கப் பிடிக்காது. முந்தின இரவு இரண்டே சப்பாத்தியோடு முடித்திருப்பேன், காலையில் பார்த்தால் ஏறியிருக்கும். விடியும் நேரத்தில் உடம்பு கார்டிசால் மாதிரியான ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கிறது, கல்லீரலும் சர்க்கரையை வெளியே விடுகிறது, அதனால் ஒன்றும் சாப்பிடாமலே ஏறும் என்பதெல்லாம் அப்போது தெரியாது. தூக்கம் கெட்டாலும் மனம் பதறினாலும் ஏறும். ஏறியதைப் பார்த்துப் பதறுவேன், அந்தப் பதற்றத்தோடு மறுபடி குத்துவேன்.

வீட்டில் எல்லோரும் அக்கறையாகத்தான் இருந்தார்கள். கணவர் காபி டம்ளரைக் கையில் கொடுக்கும்போதே “என்ன காட்டுது?” என்பார். பரீட்சை மார்க் கேட்கிற மாதிரி இருக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் பெரியத்தை நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். ஜாங்கிரித் தட்டோடு வந்த பையனிடம், “தம்பி, அந்த இலைக்கு வேண்டாம்ப்பா, அவளுக்குச் சுகர்” என்று சொன்னார். எதிர்வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பையன் இடுக்கியால் எடுத்ததை அப்படியே தட்டில் திருப்பி வைத்தான். பெரியத்தையின் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த இலையைப் பார்க்க முடியாமல் ரசத்துக்கு முன்னாலேயே எழுந்துவிட்டேன். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது. அப்படியிருந்தும், நோய் வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதைத் தன் நாக்கு செய்த குற்றமாகவே சுமக்கிறோம். பரம்பரையும் வயதும் கணக்கில் வருவதே இல்லை.

மாற்றம் தொடங்கியது புது மருத்துவரிடம் போனபோதுதான். என் நோட்டில் இருந்த எண்களை ஒரு தரம் புரட்டிவிட்டு, இருபது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். சிக்கல்கள் வந்துவிடுமோ என்ற கவலை எவ்வளவு, பத்தியம் தவறினால் குற்ற உணர்ச்சி எவ்வளவு என்கிற மாதிரிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் போட வேண்டும். வில்லியம் பொலான்ஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1995-ல் வெளியிட்ட கேள்வித்தாள் அது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கூட்டி வருவதை நூற்றுக்கு மாற்றிப் பார்க்கும்போது நாற்பதைத் தொட்டால் சுமை அதிகம் என்று அர்த்தம். எனக்கு அதற்கு மேலேயே வந்தது. “இது மனச்சோர்வு நோய் இல்லைம்மா, சுகரோடு வாழ்கிற பாரம். இதையும் சேர்த்துத்தான் வைத்தியம் பார்க்கணும்” என்றார். அந்த அறையில் நான் அழுததைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தக் கருவியை எனக்குப் பயனுள்ளதாக்கியது. இன்சுலின் போடாமல் மாத்திரையில் மட்டும் இருப்பவர்களுக்குத் தினமும் குத்துவதால் பெரிய பலன் இல்லையாம். பார்த்தால், இந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்கிற மாதிரி ஒரு கேள்வியோடு பார்க்க வேண்டும்: சாப்பிடும் முன் ஒன்று, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. அப்படிப் பார்த்ததில், சுகருக்கு நல்லது என்று எல்லோரும் சொன்ன கேழ்வரகுக் கஞ்சி எனக்கு இட்லியைவிட அதிகமாக ஏற்றியது. சோற்றை விடவே வேண்டியிருக்கவில்லை. பொரியலை முதலில் சாப்பிட்டு, சோற்றைப் பாதியாக்கி, மொட்டை மாடியில் கால் மணி நேரம் நடந்தால் ஏற்றம் கண்கூடாகக் குறைந்தது. அதைப் பார்த்த அன்றுதான் என் உடம்பு மறுபடி எனக்குப் பழக்கப்பட்டதாகத் தோன்றியது.

துல்லியத்தைப் பற்றியும் கொஞ்சம். இந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரமே, அளவு 100-க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரை முன்பின்னாகக் காட்டுவதை ஏற்கிறது. ஒரே விரலில் 138-ம் 150-ம் வந்தால் உடம்பில் ஒன்றும் ஆகிவிடவில்லை. மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து ஏற்றிக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.

பதினான்கு நாள் கையில் ஒட்டியிருக்கும் சென்சாரையும் போட்டுப் பார்த்தேன். எந்தச் சாப்பாட்டுக்கு எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கோடாகவே காட்டுவது பெரிய வசதி. ஆனால் அது ரத்தத்தில் அளப்பதில்லை, தோலுக்கடியில் செல்களைச் சுற்றியுள்ள திரவத்தில் அளக்கிறது. அதனால் சில நிமிடம் பின்தங்கும். அந்தக் கைமேல் படுத்துத் தூங்கினால், இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டி நடுராத்திரியில் எழுப்பவும் செய்யும். இன்சுலின் போடுபவர்களுக்கு இது பெரிய உதவி. என்னைப் போல எண்ணைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறவர்கள் எப்போதாவது ஒருமுறை போட்டுப் பாடம் படித்துக்கொண்டு கழற்றிவிடலாம்.

இப்போது மூன்று மாத சராசரி 6.8 பக்கத்தில் நிற்கிறது. ஏறுகிற மாதமும் உண்டு. கணவரிடம் எண்ணைக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் “நடக்கப் போலாமா?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

கருவியை வாங்கலாமா என்றால், வாங்கலாம். புதிதாகத் தெரியவந்த வாரத்திலேயே அவசரப்பட வேண்டாம். எப்போது பார்ப்பது, எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு வாங்குங்கள். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும் மாத்திரை எடுப்பவர்களும் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. வியர்த்து, கை நடுங்கி, 70-க்குக் கீழே போகும்போது அது வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு ஒரு ஸ்ட்ரிப் இருபது ரூபாய் அளவில் விழுகிறது. பெரிய பாட்டிலாக வாங்காதீர்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும், கேள்வியோடு மட்டும் குத்துகிறவர்களுக்கு இருபத்தைந்தே அதற்குள் தீராது.