பி.எல்.டி.சி. ஃபேன்: ரிமோட்டைத் தவிர எல்லாம் சரி

ஹாலில் 15 வருடமாகக் கடகடத்த பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு பி.எல்.டி.சி. ஃபேன் (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டாரில் ஓடுவது, கரண்ட் கம்மியாக இழுக்கும்) மாட்டி ஒரு கோடை ஓடிவிட்டது. பழையது 75 வாட் இழுக்கும், இது முழு வேகத்தில் 28 வாட்தான். எங்கள் வீட்டில் தினம் 15 மணி நேரம் சுற்றுவதால் இரண்டு மாத இ.பி. கணக்கில் 40 யூனிட்டுக்கு மேல் குறைகிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் கூடுதல் நேரம் தாங்குகிறது, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. காற்று கொஞ்சம் கம்மி என்கிறார் அம்மா. எனக்கு அப்படித் தெரியவில்லை.

எரிச்சல் எல்லாம் ரிமோட்டில்தான். இதற்கு ரெகுலேட்டர் ஆகாது என்று எலக்ட்ரீஷியன் சுவரில் இருந்ததை எடுத்துவிட்டார், அதனால் ரிமோட் சோபா இடுக்கில் விழுந்தால் நடுராத்திரியில் டார்ச் அடித்துத் தேட வேண்டியதுதான். அப்புறம் பேட்டரி தீர்ந்தால் டிவி ரிமோட்டிலிருந்து உருவி இதில் போடுகிறோம்.