சோதனைத் தையலுக்குப் பெலாச்சுத் துணி: வாங்கலாமா?

துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் குவில்ட் போர்வைக்கு நானே வடிவம் வரைந்து, வெட்டும் அளவுகளையும் தைக்கும் முறையையும் குறிப்பாக எழுதித் தோழிகளுக்குத் தருவது என் வழக்கம். விலை கூடிய அச்சுத் துணியில் கத்தரி வைப்பதற்கு முன், குறிப்பில் எழுதியிருப்பதை எழுதியபடியே செய்து, ஒரு பிளாக்கை (போர்வையில் திரும்பத் திரும்ப வரும் சதுரப் பகுதியை) மலிவான துணியில் தைத்துப் பார்த்துவிடுவேன். இந்த முறை அதற்காகக் கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் ஒரு துணிக்கடையில், மீட்டர் ஆறு வெள்ளி (ரிங்கிட்) வீதம் நான்கு மீட்டர் பெலாச்சு வாங்கினேன். வெளுக்காத, சாயம் ஏற்றாத காடாத் துணிதான்.

கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டுப் போட்டு, மீதியைச் சர்ரென்று கிழித்தார். "கிழிச்சாத்தான்க்கா நூல் நேரா வரும்" என்றார். உண்மைதான், ஆனால் கிழிந்த ஓரம் அரை அங்குலம் நெளிந்துபோயிருந்ததால் அதை வெட்டி எறிய வேண்டியதாயிற்று.

போட்ட காசு முதல் பிளாக்கிலேயே திரும்பிவிட்டது. என் வடிவம், வரிசைக்கு நான்காகப் பதினாறு முக்கோணச் சதுரங்கள் (இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த சதுரங்கள்) கொண்ட, நடுவில் நட்சத்திரம் தெரியும் 12 அங்குலப் பிளாக். இரண்டு சதுரத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மூலைக்கு மூலை போட்ட கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டின் மேல் வெட்டினால் இரண்டு முக்கோணச் சதுரங்கள் கிடைக்கும். தைத்து முடித்தபின் 3 அங்குலம் நிற்க வேண்டுமானால், 7/8 அங்குலம் கூட்டி 3 7/8 அங்குலத்தில் துண்டுகளை வெட்ட வேண்டும். குறிப்பில் நான் எழுதியிருந்ததோ 3 3/8. சரியான எண் மனத்தில் இருந்ததால் எத்தனை முறை படித்தும் அந்தப் பிழை கண்ணில் படவில்லை. ஓரத் தையலுக்கான இடத்தையும் சேர்த்து 12 1/2 அங்குலம் வர வேண்டிய பிளாக், 10 1/2 அங்குலத்தில் நின்றபோதுதான் தெரிந்தது.

திருத்தித் தைத்த இரண்டாவது பிளாக்கும் 12 3/8 அங்குலம்தான் வந்தது. இதற்குக் காரணம் துணி. பெலாச்சு தடிமனாக இருப்பதால், தையலைத் தேய்த்து மடிக்கும் இடத்தில் மடிப்பே கொஞ்சம் துணியை விழுங்கிவிடுகிறது. கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாகத் தையல் இடம் விட்டுத் தைத்தால் அளவு சரியாகிறது என்றாலும், அதே தையலை மெல்லிய அச்சுத் துணியில் போட்டால் பிளாக் பெரிதாகிவிடும். எனவே இறுதி அளவை இந்தத் துணியை நம்பி முடிவு செய்ய முடியாது. துவைக்காமல் வெட்டுவதும் தவறு. 20 அங்குலம் குறித்து நனைத்துக் காயவைத்த துண்டு, பாவு வாக்கில் (துணியின் நீளவாக்கில்) 19 அங்குலமாகச் சுருங்கியது. துவைத்து, லேசாகக் கஞ்சி போட்டுத் தேய்த்த பிறகு வெட்டுவதற்கு வாகாக இருந்தது.

எனக்குப் பெரிய குறையாகப் பட்டது நிறம். முக்கோணங்களின் அழகே வெளிர் துணியும் அடர் துணியும் மாறி மாறி வருவதில் இருக்க, எல்லாம் ஒரே பழுப்பு வெள்ளையாக இருந்தால் நட்சத்திரம் எங்கே, பின்னணி எங்கே என்று தெரிவதில்லை. அதற்காக மறுபடியும் அதே கடைக்குப் போய், வெளிர் மஞ்சளிலும் கருநீலத்திலும் பருத்திப் பாப்ளின் கேட்டேன். கால் மீட்டர் போதும் என்றேன். அரை மீட்டருக்குக் குறைந்து வெட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சோதனைக்கு வாங்குபவர்களுக்கு இது வீண் செலவு. போனது சனிக்கிழமை மாலை. பக்கத்து லோரோங்கில் (சந்தில்) இரவுச் சந்தை கூடிவிட்டதால், துணிப் பையோடு மஸ்ஜிட் ஜாமெக் ரயில் நிலையத்துக்கு வந்து சேர்வதே பெரும்பாடாகிவிட்டது. வார நாளில் காலையில் போவது நல்லது.