சாந்தா லூசியா சந்தை: பசியோடு போகாதீர்கள்

ஒன்பது வருஷமாக மியூனிக்கில் இருக்கிறோம். கிறிஸ்துமஸ் சந்தை என்றால் பட்டையும் கிராம்பும் மணக்கும் சூடான ஒயின், வறுத்த சாஸேஜ் புகை, நின்றபடியே சாப்பிடுவது என்றுதான் எனக்குப் பழக்கம். போன டிசம்பர் 12ஆம் தேதி அதே நினைப்போடுதான் பார்சிலோனாவில் இறங்கினோம். நான், கணவர், ஏழு வயது மகள், மயிலாப்பூரிலிருந்து மூன்று மாதம் எங்களோடு தங்க வந்திருந்த மாமியார். ஹோட்டலில் பெட்டியை எறிந்துவிட்டு, மெட்ரோவில் மஞ்சள் லைன் பிடித்து, மாலை ஆறரைக்குக் கதீட்ரல் வாசலுக்குப் போய்விட்டோம். "அங்கே போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்று சொன்னது நான்தான்.

கதீட்ரல் முன்னால் வரிசை வரிசையாக மரக் கடைகள். முதல் வரிசை முழுக்கப் பொம்மை. இரண்டாவது வரிசையிலும் பொம்மை. அப்புறம் பை பையாகக் காட்டுப்பாசி, தக்கை மரப்பட்டை, குட்டி ஃபிர் மரங்கள், சிவப்புப் பழம் வைத்த கொத்துகள். மறுபடி பொம்மை. சாப்பாட்டுக் கடை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கண்ணில் படவில்லை. கணவர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும்.

விஷயத்தைப் பிடித்தது மாமியார்தான். ஒரு பாட்டி, கையில் துண்டுச்சீட்டோடு, ஓர் ஆட்டை எடுத்து உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்து, திருப்பி வைத்துவிட்டு அடுத்த ஆட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம வடக்கு மாட வீதி மாதிரின்னா இருக்கு. கொலுவுக்குப் பொம்மை வாங்க வந்திருக்கா எல்லாரும்" என்றார்.

அதேதான். ஃபிரா தெ சாந்தா லூசியா, சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்க்கும் சந்தை இல்லை. வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கிறவர்கள் சாமான் வாங்கிப் போகும் சந்தை. 1786லிருந்து இதற்கு ஆதாரம் இருக்கிறது. நவம்பர் கடைசியில் தொடங்கி கிறிஸ்துமஸுக்கு முன் முடிந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு போனால் பிரமாதமாக இருக்கும். தெரியாமல் போனால் எங்களைப் போல முதல் அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றுவீர்கள்.

குடிலுக்கு அவர்கள் மொழியில் பெசேப்ரே என்று பெயர். ஸ்பானிஷ் இல்லை, கத்தலான், இந்தப் பகுதியின் சொந்த மொழி. குழந்தை இயேசு, மரியாள், சூசையப்பர், மாடு, கழுதை எல்லாம் உண்டு, ஆனால் அதோடு நிற்பதில்லை. ஒரு கத்தலான் கிராமமே இறங்கியிருக்கும்: ஆற்றில் துணி துவைக்கிற பெண், ராட்டை சுற்றுகிற கிழவி, தூண்டில் போடுகிறவன், நெருப்பு மூட்டிக் குளிர் காய்கிற இடையன். பெத்லகேமில் நடந்த கதையைச் சொந்த ஊருக்கே கொண்டுவந்துவிட்டார்கள். தக்கைப்பட்டைதான் மலை, பாசிதான் புல்வெளி, ஆற்றுக்கு வெள்ளித்தாள். அத்தைக்கு இதில் மொழிபெயர்ப்பாளரே தேவைப்படவில்லை. கொலுவுக்குப் பக்கத்தில் பார்க் போட்டு, கண்ணாடியைக் குளமாக வைத்து, கேழ்வரகு முளைக்க விட்டுப் புல் காட்டுகிற கை அது.

பொம்மைகளை சென்டிமீட்டர் கணக்கில் விற்கிறார்கள். ஒரே இடையன் சுண்டுவிரல் உயரத்திலும் இருப்பான், சாண் உயரத்திலும் இருப்பான். பெரியதை முன்னாலும் சின்னதைப் பின்னாலும் வைத்தால் மலை தூரத்தில் இருப்பதுபோல் தெரியுமாம். கடைக்காரம்மா கையை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினார், அத்தை தலையாட்டினார். கடைசியில் அத்தை வாங்கியது துணி துவைக்கும் பெண். களிமண், ஒன்பது சென்டிமீட்டர், 14 யூரோ. முழங்காலிட்டு, குனிந்து, கையில் சோப்பா துணியா என்று தெரியாத ஒரு வெள்ளைத் துணுக்கு. ரவிக்கைக் கையை முழங்கை வரை மடித்து விட்டிருப்பதைக்கூட வண்ணத்தில் காட்டியிருந்தார்கள். கழுத்துக்குப் பின்னால் கொண்டையிலிருந்து தப்பிய ஒரு முடியைத் தூரிகை நுனியால் ஒரே இழுப்பில் இழுத்திருந்தார்கள். "இதை யாரு பார்க்கப்போறா? ஆனாலும் போட்டிருக்கான் பாரு" என்று அத்தை ஹோட்டலில் விளக்கடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 14 யூரோ ஜாஸ்தி என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

சரி, இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் பொம்மைகளுக்கு நடுவே ஒருவனைக் கண்டுபிடித்து, "அம்மா, இந்த அங்கிள் கக்கா போறார்!" என்று ஓங்கித் தமிழில் கத்தினாள். நல்லவேளை, சுற்றி இருந்த யாருக்கும் புரியவில்லை. புரிந்திருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ககனே என்பது அவன் பெயர். சிவப்புக் குல்லா, வெள்ளைச் சட்டை, கால்சட்டையை இறக்கிவிட்டுக் குந்தியிருக்கும் குடியானவன். பின்னால் செய்த காரியமும் தெளிவாகத் தெரியும். குடிலில் எங்கோ ஒரு மூலையில், புதருக்குப் பின்னால் இவனை ஒளித்து வைப்பார்கள். குழந்தைகள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கிண்டல் இல்லை. நிலத்துக்கு உரம் போடுகிறான், அடுத்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. இவன் இல்லாத குடில் ராசி இல்லாதது.

எவ்வளவு முக்கியமானவன் என்றால், 2005இல் மாநகராட்சி வைத்த குடிலில் இவனை விட்டுவிட்டார்கள். பொது இடத்தில் மலஜலம் கழிக்கத் தடை விதித்து அப்போதுதான் சட்டம் கொண்டுவந்திருந்தார்கள், அதனால் என்று ஒரு காரணமும் சொன்னார்கள். ஊரே கூச்சல் போட்டது. அடுத்த வருஷம் திரும்பி வந்துவிட்டான்.

இப்போது அதே கோலத்தில் போப், பிரிட்டிஷ் ராணி, கால்பந்து வீரர்கள், அமெரிக்க ஜனாதிபதிகள் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஒரு கடை முழுக்க உலகத் தலைவர்கள் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். இருபது யூரோ பக்கம் விலை. இங்கே பொம்மையாக ஆவதே ஒரு கௌரவம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை என்கிறார்கள். எனக்கென்னவோ அந்தக் குடியானவன்தான் பிடித்தது. பிரபலங்களை ஒரு தடவை பார்த்துச் சிரிக்கலாம். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. நான்கு யூரோவுக்குச் சின்னவன் ஒருத்தனை வாங்கினேன். இவ்வளவு பேர் நிம்மதியாக உட்கார்ந்திருந்த இடத்தில் என் மகளுக்கு அவசரம் வந்தபோது மட்டும் பக்கத்துத் தெரு காபிக்கடையில் வேண்டாத காபி ஒன்று வாங்கித்தான் காரியம் ஆயிற்று.

கக்கா விஷயம் அதோடு முடியவில்லை. அடுத்த வரிசையில் மரக்கட்டைகள். முன்பக்கம் இரண்டு குச்சியைக் காலாக ஊன்றி, வெட்டிய முகத்தில் கண், மூக்கு, சிரிப்பு, தலையில் அதே சிவப்புக் குல்லா. காகா தியோ என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் தியோ என்றால் மாமா. 'கக்கா மாமா' என்று மகளுக்கு மொழிபெயர்த்துவிட்டேன். கடைக்காரப் பையன் ஆங்கிலத்தில் திருத்தினான்: கத்தலானில் தியோ என்றால் விறகுக் கட்டை. அதற்குள் காலம் கடந்துவிட்டது. எங்கள் வீட்டில் அது கக்கா மாமாதான்.

டிசம்பர் 8ஆம் தேதி, மாதாவின் அமலோற்பவத் திருநாளிலிருந்து தியோவுக்கு ராத்திரி ராத்திரி ஆரஞ்சுத்தோல், ரொட்டித் துண்டு ஏதாவது ஊட்ட வேண்டும். குளிராமல் இருக்கப் போர்வை போர்த்த வேண்டும். கிறிஸ்துமஸ் முந்தைய ராத்திரி குழந்தைகள் குச்சியை எடுத்து, 'போ, போ' என்று பாட்டுப் பாடி அதை அடிப்பார்கள். போர்வையைத் தூக்கினால் மிட்டாயும் துர்ரோன் என்ற பாதாம் இனிப்பும் சின்னச் சின்னப் பரிசும் போட்டிருக்கும். பதினைந்து நாள் சோறு போட்டு வளர்த்ததை அடிப்பதா என்று என் மகளுக்கு மனசு கேட்கவில்லை. மிட்டாய் வரும் என்றதும் கேட்டது.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்வரிசையில் ஒரு கடையில் 22 யூரோ சொன்ன கட்டை, பின்வரிசையில் வேறு கடையில் 16. நான் 22 கொடுத்த பிறகுதான் அதைப் பார்த்தேன். ஒரு சுற்று முழுக்கச் சுற்றிவிட்டுப் பிறகு பர்ஸைத் திறங்கள். சில்லறையும் நோட்டுமாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், பழைய நகரக் கூட்டத்தில் ஜேப்படி உண்டு. சிம்பொம்பா என்று தோல் கட்டிய ஒரு பானை விற்பார்கள். நடுவில் செருகிய குச்சியை ஈரக் கையால் உருவினால் மழைக்காலத் தவளை மாதிரி உறுமும். குழந்தையோடு போகிறவர்கள் அந்தக் கடையை வேகமாகத் தாண்டிவிடுங்கள்.

மறுநாள் 13ஆம் தேதி சாந்தா லூசியாவின், அதாவது புனித லூசியாவின், திருநாள். நாங்கள் திட்டமிட்டுப் போகவில்லை, தானாக அமைந்தது. கதீட்ரலை ஒட்டி 13ஆம் நூற்றாண்டுச் சிறு கோயில் ஒன்று இவளுக்கு இருக்கிறது. அன்றைக்கு அங்கே வரிசை. பெரும்பாலும் வயதானவர்கள், மெழுகுவர்த்தியோடு. கண்ணுக்கு அதிதேவதை இவள், தையல்காரப் பெண்களுக்கும். இதைச் சொன்னதும், போன வருஷம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக்கொண்ட அத்தை, "அப்படின்னா நின்னு பார்த்துட்டே போகலாம்" என்று வரிசையில் சேர்ந்துவிட்டார். உள்ளே இருட்டு, தாழ்ந்த கல் வளைவு, மெழுகு வாசனை. அத்தை கைகூப்பினார். பக்கத்திலிருந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தன் மெழுகுவர்த்தி ஒன்றை அவர் கையில் கொடுத்தார். இந்த இரண்டு நாளில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால், சந்தையைவிட இதுதான்.

அங்கிருந்து கதீட்ரலின் உள்முற்றம். இந்த ஊரின் பாதுகாவலியான சாந்தா யூலாலியா பதின்மூன்று வயதில் உயிர்த்தியாகம் செய்தவள் என்பதால் பதின்மூன்று வாத்துகள் வளர்க்கிறார்கள், வெள்ளை வெளேரென்று. மகள் மூன்று தடவை எண்ணினாள். பன்னிரண்டு, பதினான்கு, பதின்மூன்று.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சைவக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கிறிஸ்துமஸ் இனிப்புகளில் துர்ரோன்தான் ராஜா: வறுத்த பாதாமும் தேனும். அலிகாந்தே வகை கடலைமிட்டாய் போலப் பல்லை உடைக்கும். ஹிஹோனா வகை பாதாமை அரைத்துச் செய்வது, எண்ணெய் கசியும், நாக்கில் கரையும். எனக்கு ஹிஹோனா. ஆனால் இரண்டிலும் வழக்கமாக முட்டை வெள்ளைக்கரு உண்டு. போல்வொரோன் என்று வெள்ளைப் பொடி தூவி அழகாகத் தாளில் சுற்றி வைத்திருப்பதில் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பதுதான் மரபு. தயவுசெய்து கேட்காமல் வாயில் போடாதீர்கள். அத்தைக்குக் கைகொடுத்தவை மூன்று: தெருமுனையில் அடுப்பு வைத்துச் சுடும் செஸ்ட்நட், அதே அடுப்பில் சுட்ட சக்கரவள்ளிக்கிழங்கு, அப்புறம் எண்ணெயில் பொரித்த சுர்ரோ. சுர்ரோ மாவில் மாவு, தண்ணீர், உப்பு தவிர வேறில்லை என்று கடையில் சொன்னார்கள். கதீட்ரலிலிருந்து கொஞ்ச தூரத்தில் பெத்ரிச்சோல் என்ற ஒடுக்கமான தெருவில் சாக்லேட் கடைகள். ஸ்பூன் நிற்கும் அளவுக்குக் கெட்டி. மேலே க்ரீம் குவித்துக் கேட்டால் சுயீஸ். முதல் நாள் பட்டினிக்கு அங்கேதான் பரிகாரம் செய்தோம்.

சுற்றுலாக்காரர்களைப் படம்போட்ட மெனு காட்டிக் கூப்பிடும் உணவகம் ஒன்றில் மாட்டிக்கொண்டு, குழைந்த மஞ்சள் சோற்றுக்கு ஆளுக்கு 19 யூரோ அழுததைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. தக்காளி தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டியை எந்தக் கடையிலும் தருவார்கள். அதைக் கேளுங்கள், பிழைத்துக்கொள்ளலாம்.

தெருவிளக்கு அலங்காரம் அழகுதான். பெரிய வீதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவம். ஆனால் இப்போது எந்த ஐரோப்பிய ஊரில்தான் இல்லை? தனியாகச் சொல்ல வேண்டியது சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தின் நட்சத்திரம். 138 மீட்டர் உயர மரியாள் கோபுரத்தின் உச்சியில் பன்னிரண்டு முனை, 2021 டிசம்பர் 8இல் ஏற்றியது. உள்ளே போக டிக்கெட் தீர்ந்துவிட்டது. முன்னதாகவே எடுத்து வையுங்கள். வெளியே நின்று, இயேசுவின் பிறப்பைச் சிலைகளில் காட்டும் முகப்பைப் பார்த்தாலே கழுத்து வலிக்கும். தேவாலயத்தை வடிவமைத்த கவுதி அதற்கு நிஜ மனிதர்களையும் விலங்குகளையும் அச்சு எடுத்துச் சிலை செய்தார் என்று சொன்னபோது, "அவனும் பொம்மைக்காரன்தானே" என்றார் அத்தை.

ஐந்துக்கு நான்கு மார்க். ஒரு மார்க்கைக் குறைத்தது வார இறுதிக் கூட்டத்துக்காக. சனிக்கிழமை மாலை மகள் உயரத்தில் இருப்பவர்களுக்குக் கோட்டு பட்டன்களைத் தவிர எதுவும் தெரியாது. வார நாள் காலை போங்கள். பரிசு விஷயத்தில் இங்கே குழந்தைகள் அதிகம் காத்திருப்பது, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களுக்குத்தான். ஜனவரி 5 மாலை அவர்கள் கப்பலில் வந்து இறங்கி ஊர்வலம் போவார்கள். ஸ்கூல் லீவு ஒத்துவந்தால் அடுத்த முறை அதற்குப் போக வேண்டும்.

திரும்பும்போது விமான நிலையத்தில் ஸ்கேனர் எங்கள் பையை நிறுத்திவிட்டது. காவலர் திறந்து, சட்டைகளை ஒதுக்கி, கட்டையை வெளியே எடுத்தார். அதன் முதுகில் மகளின் கழுத்துத் துணி சுற்றியிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மகளிடம் குனிந்து ஏதோ கேட்டார். புரியவில்லை. கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார்: ஊட்டினாயா? இவள் தலையாட்டினாள். துணியை மறுபடி இழுத்துப் போர்த்திவிட்டுத்தான் பையை மூடினார்.