கையெழுத்தில் சறுக்கிய சாமுராய் நாவல்: 5க்கு 3

399 ரூபாய்க்கு மின்நூலாக வாங்கினேன். ஆங்கில நாவல், கதை நடப்பது 1570களின் ஜப்பானில். இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டேன், அவ்வளவு விறுவிறுப்பு. கோட்டை முற்றுகையில் அரிசி தீர்ந்துபோகும் பகுதியைப் படித்தபோது எனக்கே தொண்டை வறண்டது. ஆனால் கல்யாண அத்தியாயம் மனசில் ஒட்டவே இல்லை.

கல்யாணமான மூன்றாம் நாள் நாயகி அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். தூரிகையை மையில் தோய்த்து, புருஷன் வீட்டுக் குடும்பப் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுகிறாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்து மை கலைகிறது. அழகான காட்சிதான், ஆனால் அந்தக் காலத்தில் நடந்திருக்காது. மனைவி கணவன் வீட்டுப் பெயரை ஏற்க வேண்டும் என்று ஜப்பானில் சட்டம் வந்தது 1898இல். அதற்கு முன், 1876இல் அரசாங்கம் போட்ட உத்தரவோ, மணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருக்கட்டும் என்றது.

ஜப்பானிய மொழி படிக்கப் போயிருந்தபோது காமகுராவில் ஜுஃபுகுஜி கோயிலுக்குப் பின்னால் பாறையில் குடைந்த ஒரு குகை முன் நின்றேன். உள்ளே சின்னக் கல் தூபி, ஹோஜோ மசாகோவின் சமாதி. முதல் காமகுரா ஷோகன் (ராணுவ ஆட்சியாளர்) மினமோத்தோ யோரிதோமோவின் மனைவி அவர். இன்றுவரை எல்லோரும் 'ஹோஜோ' என்ற பிறந்த வீட்டுப் பெயரைச் சேர்த்துத்தான் அவரைச் சொல்கிறார்கள். 'மசாகோ' என்பதே 1218இல் அரசவைப் பட்டம் கிடைத்தபோது வந்த பெயர். 'கோ' என்று முடியும் பெயர்கள் அப்படி அரசவையைச் சேர்ந்தவை. நாவலிலோ சாதாரணச் சிப்பாய் வீட்டுப் பெண்ணுக்கும் 'கோ'! தாமா, நேனே, சாச்சா என்று அந்தக் காலத்துப் பெயர்கள் எவ்வளவோ இருக்கின்றனவே.

இது வெறும் பெயர் விவகாரம் இல்லை. மகளைக் கட்டிக்கொடுப்பது இரு வீடுகளுக்கிடையே ஒப்பந்தம் போடுவது மாதிரி. போன இடத்திலும் அவள் இன்னார் மகள்தான். அகேச்சி மித்சுஹிதே 1582இல் தன் தலைவன் நொபுனாகாவுக்கு எதிராகத் திரும்பியதும், மித்சுஹிதேயின் மகள் தாமாவைக் கணவர் ஹொசோகாவா ததாவோகி மலைக்கிராமத்தில் ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று. புகுந்த வீடு அவள் பிறப்பை அழித்திருந்தால் அந்த ஆபத்தே வந்திருக்காது. நாவலாசிரியர் அந்தக் கையெழுத்தை மாற்றியபோது, தன் கதையில் இருந்த முக்கியமான முடிச்சையே அவிழ்த்துவிட்டார்.

ஆனால் ஒரு இடத்தில் மனம் நிறைந்துபோனது. ஆண் வாரிசு இல்லாத வீட்டில் மாப்பிள்ளையையே மகனாகத் தத்தெடுக்கிறார்கள், முகோயோஷி என்பார்கள். நம்மூர் வீட்டோட மாப்பிள்ளையும் சுவீகாரப் பிள்ளையும் ஒரே ஆளாக வந்து நிற்கிற மாதிரி. அவன்தான் பெயரை மாற்றிக்கொள்வான். ஹிகுச்சி வீட்டில் பிறந்த கனேத்சுகு என்ற சாமுராய், நாவோயே வீட்டு விதவையை மணந்து நாவோயே கனேத்சுகு ஆனது அப்படித்தான். நாவலில் மாப்பிள்ளை தன் பழைய குலச்சின்னம் போட்ட மேலங்கியை மடித்துப் பெட்டியின் அடியில் வைக்கும் பக்கத்தை நான் மூன்று தடவை படித்தேன். அதை எழுதத் தெரிந்தவருக்கு மற்றது எப்படித் தவறியது என்றுதான் ஆற்றாமை.

போர், பசி, கோட்டை வாழ்க்கை இதற்காக வாங்கலாம். கல்யாணப் பகுதியை அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தக் கடிதத்தின் கடைசி வரியைத் திருத்தி மறுபதிப்பு வந்தால், இன்னொரு பிரதி வாங்கி என் தங்கைக்குக் கொடுப்பேன்.