சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி, இணையப் பதிப்பு: யாருக்கு உதவும், எங்கே கைவிடும்

ஒரு சொல்லுக்கு 'அசல் பொருள்' இதுதான் என்று அரசியல் விவாதத்தில் யாராவது படமெடுத்துப் போட்டால், பெரும்பாலும் அது இந்த அகராதியின் பக்கமாகத்தான் இருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சொற்கள் மட்டும் 1,04,405. பழஞ்சொல் தேட இதற்கு இணை வேறில்லை.

தேடும்போது வினைமுற்றாக அடிக்காதீர்கள். 'ஏமாற்றினான்' கிடைக்காது, 'ஏமாற்று' என்று பகுதியை மட்டும் கொடுங்கள். சாதி, ஜாதி போன்றவற்றை இரண்டு எழுத்திலும் தேடிப் பாருங்கள். தலைச்சொல்லில் சிக்காதது முழுப் பதிவுத் தேடலில் பல நேரம் அகப்படும்.

பலரும் சறுக்குவது பதிவைப் படிக்கும் இடத்தில்தான். 'கழகம்' என்று தேடினால் புலவர் அவையும் வரும், சூதாடுமிடமும் வரும். சூதாடுமிடத்தை மட்டும் வெட்டியெடுத்துத் திராவிடக் கட்சிகளை ஏசுவது நெடுநாள் வழக்கம். அது வெறும் குறும்பு அல்ல, தவறான வாசிப்பு. சூது என்ற பொருளுக்குச் சான்று குறளில் இருக்கிறது: 'பழகிய செல்வமும் பண்பும் கெடுக்கும் கழகத்துக் காலை புகின்' (937). ஆனால் 1920-இலேயே திருநெல்வேலியில் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தொடங்கிவிட்டது. 1944-இல் திராவிடர் கழகம் பெயர் சூட்டிக்கொண்டபோது அமைப்பு, சங்கம் என்ற பொருள் ஊரறிந்ததாக இருந்தது. ஆகவே பொருளைப் படித்ததும் நிறுத்தாமல், அடைப்புக்குள் இருக்கும் நூற்பெயரையும் பாருங்கள். எந்தக் காலத்து வழக்கு என்பது அங்கேதான் தெரியும்.

'ஊழல்' இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. அகராதி பதனழிந்தது, அழுகியது என்ற வழியில் போகும். லஞ்சம், முறைகேடு என்று இன்று செய்தித்தாள் எழுதும் பொருளுக்கு இதை நம்பி வழக்காட முடியாது.

சொற்பிறப்புக் குறிப்புகளை அப்படியே ஏற்க வேண்டாம். தமிழ்ச் சொற்களையும் வடமொழிக்குக் கொண்டுபோகிறது என்று தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் கடுமையாக எதிர்த்தார். பல இடங்களில் அவர் எதிர்ப்பு நியாயமானது. பொருளும் மேற்கோளும்தான் இதன் பலம்.

1936-க்குப் பிந்தைய அரசியல் சொல்லுக்கு இது சரிவராது. 2021-இல் மத்திய அரசை 'ஒன்றிய அரசு' என்று சொல்லலாமா என்ற சர்ச்சை வந்தபோதும் பலர் அகராதிகளைத்தான் புரட்டினார்கள். அதற்குப் பார்க்க வேண்டியது இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்று சொல்லும் அரசியலமைப்பின் முதல் உறுப்பும், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊராட்சி ஒன்றியம் என்ற வழக்கும். இன்றைய பொருள் வேண்டுவோர் க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதியை வாங்கலாம். 1992-இல் வந்த முதல் பதிப்பு பழைய கடைகளில் மலிவாகக் கிடைத்தாலும் 2020-இல் வந்த மூன்றாம் பதிப்பையே கேட்டு வாங்குங்கள்.