வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு: எடை குறைக்கிறோம் என்று என்னிடம் 68,000 ரூபாய் வாங்கியவர்கள் பற்றி

இன்று காலை ஒன்பது மணிக்கு மொபைலில் மெசேஜ் வந்தது. கணக்கிலிருந்து 2,500 ரூபாய் பிடித்தம். இது நான்காவது தவணை, இன்னும் எட்டு இருக்கிறது. நான் போவதையே நிறுத்திவிட்ட இடத்துக்கு, ஒரு கிராம்கூடக் குறையாத உடம்புக்கு, மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கிறது. மொத்தம் 68,000 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன் என்பதால். மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஸ்லிம்மிங் சென்டர். கத்தி இல்லை, மாத்திரை இல்லை, பட்டினி இல்லை, மூன்று மாதத்தில் 10 கிலோ என்று பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்து அனுப்புகிற வகை.

எனக்கு 43 வயது. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். பத்து மணி நேரம் உட்கார்ந்தே வேலை. உயரம் 155 செ.மீ., எடை 78 கிலோ. வீடு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போவேன். அழகுக்காகப் போகவில்லை. முட்டி வலிக்காகப் போனேன்.

உள்ளே போனதும் ஒரு பெண் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். "அக்கா, நானும் கொருக்குப்பேட்டைதான்" என்றாள். முட்டி எப்போதிலிருந்து வலிக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறதா, மாடி ஏறும்போது யார் குடம் தூக்குகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். என் வீட்டில் இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிஷ்யூ எடுத்துக் கொடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவும் இதே மாதிரிதான்கா இருந்தாங்க, இங்கதான் 12 கிலோ குறைச்சோம்" என்றாள். அந்தக் கையைப் பிடித்த நிமிஷத்தில் நான் சரி என்று சொல்லிவிட்டேன். விலையைச் சொன்னது அதற்கு அப்புறம்தான்.

68,000. இரண்டு நாளில் ஆஃபர் முடிகிறது என்றார்கள். பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்காகக் கட்டிவந்த 50,000 ரூபாய் ஏலச் சீட்டை 12,000 தள்ளி எடுத்தேன். கைக்கு வந்த 38,000-ஐ அப்படியே கொண்டுபோய்க் கட்டினேன். மீதி 30,000-க்கு "வட்டியில்லாத் தவணைக்கா, ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்றாள், சொன்னேன். அது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் என் பெயரில் எடுத்த கடன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. முதல் தவணை போன அன்றைக்குத்தான் தெரிந்தது. பில்லில் 68,000, சீட்டில் விட்டதையும் சேர்த்தால் எனக்கு 80,000.

ஃபேட் ஃப்ரீசிங் என்று ஒரு மெஷின், கொழுப்பைக் குளிரவைத்துக் குறைக்குமாம். வயிற்றில் குளிர்ந்த ஜெல் துணியைப் போட்டு, அதன்மேல் கிண்ணம் மாதிரி ஒன்றை வைத்தால் சதையைப் பிடித்து உள்ளே இழுக்கும். பத்து நிமிஷம் சுருக்சுருக்கென்று வலிக்கும், பிறகு மரத்துப்போகும். எடுத்ததும் அந்த இடம் வெண்ணெய்க் கட்டி மாதிரி விறைத்துச் சிவந்திருக்கும். கொழுப்பு உடையட்டும் என்று போட்டுப் பிசைவார்கள், உயிர் போகும். ஆறு முறை பொறுத்துக்கொண்டேன். நடுவில் 4,500 ரூபாய்க்கு ஒரு டீத்தூளையும் பேக்கேஜிலேயே சேர்த்துவிட்டார்கள். குடித்தால் வயிற்றுப்போக்குதான்.

அளவெடுத்த விதத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதல் நாள் சுடிதார் மேலேயே டேப்பைத் தளர்வாகச் சுற்றி, தொப்புளுக்கு நேராக 41 அங்குலம் என்று எழுதினாள். ஆறாவது முறை துணியை விலக்கச் சொன்னாள். "மூச்சை உள்ள இழுங்கக்கா" என்றாள். டேப் தொப்புளுக்கு மூன்று விரல் மேலே இருந்தது, சதையில் பதிகிற அளவுக்கு இறுக்கினாள். 38. "பாருங்கக்கா மூணு இஞ்ச்!" என்று கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து என் தையல் டேப்பில் பார்த்தேன். 41. எடை 79, சேர்ந்தபோது இருந்ததைவிட ஒரு கிலோ அதிகம்.

கேட்டதும் முகங்கள் மாறின. முதலில் "நீர் எடைக்கா, இறங்கிடும்." அடுத்த வாரம் "நீங்க டயட் சார்ட் ஃபாலோ பண்ணல." சோற்றை ஒரு வேளையாக்கி, கடையில் மற்றவர்கள் பிரியாணி சாப்பிடும்போது வெள்ளரிக்காய் தின்றவள் நான். மேனேஜர் லீவு என்றார்கள். ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்கள் என்றார்கள், போட்டேன், பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், அவ்வளவுதான். கொருக்குப்பேட்டைப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாளாம். பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் பணம் திருப்பித் தரப்படாது என்று இருப்பதைக் காட்டினார்கள்.

கடைசியில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் சொன்னது, "உங்க உடம்புக்கு மெஷின் பத்தாது, லைப்போசக்‌ஷன் பண்ணிக்கோங்க, 1,20,000 ஆகும், பழைய 68,000-ல 10,000 கழிச்சுத் தரோம்." கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷனாம் அது. டாக்டர் பதிவு எண் என்ன என்று கேட்டேன். போனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலில் போயிருக்க வேண்டிய இடம் அது. ஓ.பி.யில் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே "தைராய்டு பாத்தீங்களா?" ரத்தத்தில் டிஎஸ்ஹெச் என்கிற தைராய்டு டெஸ்ட் அளவு 11-க்கு மேல், இருக்க வேண்டியதைவிட அதிகம். தைராய்டு மந்தம். 68,000 வாங்கியவர்கள் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. 78 கிலோவுக்கு தைராய்டு மட்டும் காரணம் இல்லை, ஆனால் அதைச் சரிசெய்யாமல் எதைச் செய்தும் பலன் குறைவு என்றார்.

வயிற்றைக் காட்டினேன். "இது எடை குறைக்கிற வைத்தியமே இல்லம்மா" என்றார். ஒரு சின்ன இடத்தில் பிதுங்கும் கொழுப்பை ஓரளவு மெலிதாக்கத்தான் குளிர் மெஷின். அதுவும் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், தராசு முள் அசையாது. லைப்போசக்‌ஷனும் உருவத்தைத் திருத்தத்தான். பொதுவாக ஐந்து லிட்டருக்கு மேல் எடுப்பது ஆபத்து. எடைக்கென்று இருப்பது இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன். அது மிக அதிகப் பருமனோ, பருமனோடு சர்க்கரை போன்ற நோய்களோ இருப்பவர்களுக்கு, எல்லா டெஸ்டும் எடுத்தபிறகு. இதையெல்லாம் அவர் சொல்ல ஐந்து நிமிஷம்தான் ஆனது, காசு வாங்கவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடினேன். இந்தக் குளிர் வைத்தியத்தில் அரிதாகச் சிலருக்கு அந்த இடம் குறைவதற்குப் பதில் தடித்துப் பெருத்துவிடுமாம். லிண்டா எவாஞ்சலிஸ்டா என்ற பிரபல மாடலே தனக்கு அப்படி ஆனதாக 2021-இல் வெளியில் சொல்லியிருக்கிறார். வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். கையெழுத்து வாங்கிய ஒரு தாளிலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு நிதானம் இல்லை. அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். ஓடிபி சொல்லாதீர்கள். கோட்டு போட்டவரிடம் பதிவு எண் கேளுங்கள். முதலில் தைராய்டு, சர்க்கரை பாருங்கள். ஏமாந்திருந்தால் 1915-க்குப் போன் செய்யுங்கள், நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில், வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள். நான் என்னுடையதை எல்லாம் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் ராயபுரம் அண்ணா பூங்காவில் நடக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு அக்கா இன்றைய பேப்பரிலிருந்து நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினார். அதே இடம், அதே 10 கிலோ. வரும் ஞாயிறு மறுபடி ஃப்ரீ கேம்ப், காலை பத்து மணிக்கு. உங்கள் வீட்டில் யாராவது கிளம்பினால் தயவுசெய்து அதற்குள் நிறுத்துங்கள்.